காரியமே காரணமான கதை: வட்டுக்கோட்டைச் செமினரியும் அதன் பின்விளைவுகளும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து வடமேற்கே ஏறக்குறைய ஏழு மைல் தூரத்திலே, நெல்வயல்களும் பனங்கூடல்களும் சூழ்ந்த வட்டுக்கோட்டைக் கிராமத்தில், ஒல்லாந்தர் 1678 ஆம் ஆண்டிற் கட்டிய தேவாலயமொன்று கூரையிழந்து பாழடைந்து நின்ற காலத்தில், அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்துச் சங்கமொன்றினால் அனுப்பப்பட்ட பாதிரிமார் சிலர் அவ்விடத்திற் குடிபுகுந்தனர். அவர்கள் நாடி வந்தது உண்மையில் இந்தியாவையே. ஆயினும் 1812 ஆம் ஆண்டில் அங்கு சென்ற முதற் கூட்டத்தாரைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் தங்கவிடாது துரத்தியமையாலும், அவர்களுள் ஒருவராகிய சாமுவேல் நியூவெல் இலங்கையில் தங்கி யாழ்ப்பாணத்தின் தகுதியை எழுதியனுப்பியமையாலும், 1816 இல் வந்தவர்கள் இக்குடாநாட்டை வந்தடைந்தனர். டானியல் பூவரும் எட்வேட் வாரனும் தெல்லிப்பழையை மேற்கொள்ள, பெஞ்சமின் மெயிக்ஸும் ஜேம்ஸ் றிச்சாட்ஸும் வட்டுக்கோட்டைக்கு வந்தனர். இந்தச் சிறிய குடியேற்றத்திலிருந்து ஒரு நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் ஒரு சமூகத்தின் உத்தியோகமும் விவாகமும் நிலமும் அரசியலும் எவ்வாறு உருமாறின என்பதைக் கூறப் புகுமிடத்து, ஒரு காரணத்திலிருந்து ஒரு காரியம் பிறந்தது, அக்காரியத்திலிருந்து மற்றொரு காரியம் பிறந்தது என்று நேர்கோட்டிலே கதை சொல்லிச் செல்ல இயலாது. இங்கே காரியங்கள் திரும்பி வந்து தம்மைப் பெற்ற காரணங்களை வளர்த்தன. சில வேளைகளில் அவற்றை அழிக்கவும் முற்பட்டன.

நம்முடைய தருக்க நூலார் இதனை அறியாதவரல்லர். வித்திலிருந்து முளையும் முளை வளர்ந்த மரத்திலிருந்து வித்தும் தோன்றுதலைப் பீஜாங்குர நியாயம் என்று பெயரிட்டு, எது முந்தியது என்னும் வினாவுக்கு இடமில்லாத காரண காரியத் தொடர்ச்சி ஒன்று உண்டென அவர்கள் ஒப்புக்கொண்டனர். மேல்நாட்டிலே இந்த உண்மை இயந்திரங்களின் வழியாகப் புலப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் வாற் தம் நீராவி இயந்திரத்தோடு பொருத்திய சுழலும் குண்டுகள், இயந்திரம் விரைந்தால் நீராவி வழியைத் தாமே குறுக்கியும், தளர்ந்தால் அகற்றியும் அதன் வேகத்தை ஒரு நிலையில் நிறுத்தின. 1868 இல் மக்ஸ்வெல் அந்த ஏற்பாட்டைக் கணிதமாக்கி ஆராய்ந்தார். 1948 இல் நோபேட் வீனர், உயிருடலும் இயந்திரமும் தம் செய்கையின் விளைவை மீண்டும் தமக்குள் வாங்கியே தம்மை நடத்துகின்றன என்னும் கொள்கையைத் தனிச் சாஸ்திரமாக வகுத்தார். பின்னூட்டம் என்று இன்று வழங்குவது இதுவே. இது இருவகைப்படும்: விளைவு காரணத்தைத் தணித்துச் சமன் செய்வது ஒன்று, விளைவு காரணத்தை மேன்மேலும் பெருக்குவது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே அமைப்பினுள் பின்னிக் கிடக்கும்பொழுதும், செயலுக்கும் விளைவுக்கும் இடையே பல ஆண்டுக் காலம் கழியும்பொழுதும், அவ்வமைப்பை நடத்துவதாக எண்ணுபவர்கள் உண்மையில் அதனால் நடத்தப்படுகின்றார்கள். வட்டுக்கோட்டைச் சரித்திரம் இதற்கு நான் அறிந்த மட்டில் மிகத் தெளிவான உதாரணம்.

செமினரி என்று வழங்கிய உயர்கல்விச்சாலை 1823 ஆம் ஆண்டில், டானியல் பூவரைத் தலைவராகக் கொண்டு, வட்டுக்கோட்டையிலே தொடங்கிற்று. கிராமப் பாடசாலைகளிலே தேறிய சிறுவருள் சிறந்தவர்களைத் தெரிந்து, தமிழும் சமஸ்கிருதமும் இங்கிலீசும் கணிதமும் வானசாஸ்திரமும் கற்பித்து, இரு மொழியிலும் வல்ல சுதேசப் போதகரையும் உபாத்தியாயரையும் ஆக்குவதே அதன் நோக்கம். இங்கிலீசு அங்கே ஒரு சாதனமாகவே கருதப்பட்டது. மேல்நாட்டு அறிவென்னும் அறையைத் திறக்கும் திறவுகோல் என்றும், அறை திறந்தபின் மாணவன் புராணங்களைத் துறந்து வேதாகமத்தைத் தழுவுவான் என்றும் பாதிரிமார் மனப்பூர்வமாக நம்பினர். ஆரம்பத்தில் பிள்ளைகளைப் பெறுவதே பெரும் பிரயாசையாயிற்று. உணவும் உடையும் புத்தகமும் இலவசமாகக் கொடுக்கப்பட்டன. ஒவ்வொரு பிள்ளைக்கும் செலவளித்த அமெரிக்க உபகாரியின் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டும் வழக்கமும் ஏற்பட்டது. கறல் விசுவநாதபிள்ளை, ஆர்ணல்ட் சதாசிவம்பிள்ளை என்னும் பெயர்களிலே அக்காலத்தின் முத்திரையை இன்றும் காண்கிறோம்.

பூவருக்கு வானசாஸ்திரத்தின்மேல் இருந்த நம்பிக்கை அபாரமானது. வட்டுக்கோட்டைக்கு அயலிலுள்ள அராலியிலே, தலைமுறை தலைமுறையாகப் பஞ்சாங்கம் கணித்து வந்த குடும்பத்தினரான விசுவநாத சாஸ்திரியார், 1829 ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்துக்குக் கணித்த நேரம் பிழைபடுமென்று பூவர் முன்னதாகவே அறிவித்து, அக்கிரகணத்தைச் சனங்கள் பார்க்கும்படி செய்தார். பூவர் கணித்தபடியே கிரகணம் நிகழ்ந்தது. ஆனால் அதிலிருந்து அவர் எதிர்பார்த்த முடிவு விளையவில்லை. மேல்நாட்டுக் கணிதம் சிறந்ததென்பதைக் கற்றோர் ஒப்புக்கொண்டனர்; சைவ சமயத்தைத் துறக்க அதனை ஒரு நியாயமாக அவர்கள் கொள்ளவில்லை. திறவுகோலை வாங்கிக்கொண்டு வேறோர் அறையைத் திறக்கும் இச்சுபாவம், பின்வரும் வரலாறு முழுவதற்கும் பொருந்துவதாகும்.

அந்த வேறோர் அறை எதுவென்பது சில ஆண்டுகளுள் வெளிப்பட்டது. கோல்புறூக், கமறன் ஆகியோரின் விசாரணைக் குழு அளித்த அறிக்கைகளின்படி 1833 இல் இலங்கை நிர்வாகம் சீர்திருத்தப்பட்டபோது, அரசாங்க சேவையின் வாயில் சுதேசிகளுக்கும் திறக்கப்பட்டது. இங்கிலீசு அறிவு அதற்கு இன்றியமையாத தகுதியாயிற்று. கச்சேரியிலும் நீதிமன்றத்திலும் நில அளவைப் பகுதியிலும் எழுதுவினைஞரும் மொழிபெயர்ப்பாளரும் வேண்டப்பட்டனர். தீவின் வேறெந்தப் பகுதியிலும் கிடையாத அளவில் அப்படிப்பட்டவர்களை வட்டுக்கோட்டை ஏற்கெனவே ஆக்கிக்கொண்டிருந்தது. முதலிற் சென்றவர்கள் மாதச் சம்பளத்தோடு ஊருக்குத் திரும்பியபோது, அந்தச் சம்பளமே செமினரிக்கு மிகச் சிறந்த பிரசாரமாயிற்று. பத்தாண்டுக்கு முன் இலவசமாகச் சோறு போட்டும் வரத் தயங்கிய குடும்பங்கள், இப்பொழுது தம் பிள்ளைகளைத் தாமே கொண்டுவந்து நிறுத்தின. நாளடைவிலே உணவுச் செலவை மாணவரிடமே வாங்கும் நிலை வந்தது.

இவ்விடத்திலே சற்றுத் தரித்து நிற்றல் வேண்டும். செமினரி மாறியது பாதிரிமாருடைய மனம் மாறியதனாலன்று. பூவர் மதுரைக்குச் சென்றபின், 1836 முதல் தலைவராயிருந்த ஹென்றி ஹொய்சிங்டன் மெய்கண்டதேவரின் சிவஞானபோதத்தை இங்கிலீசிலே பெயர்த்த பேரறிஞர். கல்வியின் தரத்தை உயர்த்தினாரேயன்றித் தாழ்த்தவில்லை. 1840களின் பிற்பகுதியில் இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ற் இக்கல்விச்சாலையைக் கண்டு, ஐரோப்பியச் சர்வகலாசாலைகள் பலவற்றோடு ஒப்பவைக்கத் தக்கதென்று எழுதினார். மாறியது அதற்குள் வந்து சேர்பவர்களின் நோக்கம். உத்தியோகத்துக்கு வழியென்னும் கீர்த்தி பரவப் பரவ, உத்தியோகத்தை விரும்புவோரே மிகுதியாக வந்தனர். அவர்கள் உத்தியோகத்திற் சேரவே, அந்தக் கீர்த்தி மேலும் பரவியது. ஒரு நிறுவனத்தின் குணத்தை அதனை நடத்துபவர்களின் சங்கற்பத்தைக் காட்டிலும், அதன் புகழைக் கேட்டு அதனை நாடி வருபவர்களின் ஆசையே பெரிதும் நிர்ணயிக்கின்றது. பாடத்திட்டம் மாறாதிருக்கவே அதன் பொருள் மாறிவிட்டது.

கடலுக்கு அப்பாலிருந்து வந்த தாக்கங்களும் இதனைத் தடுக்கவில்லை. 1837 இல் அமெரிக்காவில் வங்கிகள் முறிந்து பெரும் பணமுடை உண்டானபோது, பொஸ்டன் சங்கம் செலவைச் சுருக்கியது. யாழ்ப்பாணத்துக் கிராமப் பாடசாலைகள் பல மூடப்பட்டன. நியூயோக்கு வங்கியொன்றின் வீழ்ச்சி வலிகாமத்துத் திண்ணைப் பள்ளி வரை எட்டியது. செமினரியோ நிலைத்துநின்றது.

சங்கத்தின் செயலாளரும், கிறிஸ்தவ ஊழியம் அவரவர் தாய்மொழியிலேயே நடைபெறல் வேண்டுமென்னும் கொள்கையில் உறுதியுள்ளவருமான றூபஸ் அண்டர்சன், 1855 இல் நேரில் வந்து கணக்குப் பார்த்தார். முப்பத்திரண்டு ஆண்டுகளில் அறுநூறு பேருக்கு மேல் அங்கே கற்றிருந்தனர். அவர்களுட் பலர் இலங்கையிலும் சென்னை மாகாணத்திலும் உத்தியோகம் வகித்தனர். அவ்வாண்டு அங்கிருந்த மாணவருள் திருச்சபை அங்கத்தினர் மிகச் சிலரே. சபைக்கு ஊழியரை ஆக்குவதற்காக ஏற்பட்ட யந்திரம் அரசாங்கத்துக்கு எழுதுவினைஞரை ஆக்குகின்றதென்று கண்ட அவர், அதனை நிறுத்தினார். செமினரி மூடப்பட்டது. அண்டர்சனுடைய தருக்கத்திற் பிழையில்லை. நோக்கத்துக்கும் விளைவுக்கும் இடையேயுள்ள வித்தியாசத்தை அளந்து, விளைவைத் தணிக்க முற்பட்டார். ஆனால் அவர் அளந்தது ஒரு கல்விச்சாலையை மாத்திரமே. சுழற்சி அதற்கு முன்னரே மதிலைத் தாண்டி ஊருக்குள் சென்றுவிட்டது. படித்தவன் வீட்டில் படியாத தம்பி இருந்தான். சம்பளக்காரன் ஊரில் அவனைக் கண்டு பொறாமையும் ஆசையும் கொண்ட அயலான் இருந்தான். உபாத்தியாயராகத் தக்க பழைய மாணவர் ஊர்தோறும் இருந்தனர். செமினரி மூடிய சில காலத்துள், அதன் பழைய மாணவரும் ஆசிரியருமான றொபேட் பிறக்கன்றிட்ஜ் வட்டுக்கோட்டையிலேயே ஓர் இங்கிலீசுப் பள்ளியை நடத்தலானார். 1857 இல் சென்னைச் சர்வகலாசாலை தோன்றியபோது, அதன் முதற் பட்டதாரிகளாக வந்தோர் செமினரியின் மக்களாகிய கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையுமாவர். தாமோதரம்பிள்ளை பின்னாளிலே வீரசோழியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சேற்றித் தமிழுக்குச் செய்த தொண்டை நினைக்குந்தோறும், அண்டர்சன் வீண்விளைவென்று தள்ளியவற்றுள் எத்தகைய நன்மணிகள் கிடந்தன என்று நெஞ்சம் நெகிழ்கிறது.

பதினேழு ஆண்டு கழிந்தபின், 1872 இல், சுதேசக் கிறிஸ்தவர்கள் விடாது வற்புறுத்தியதன் பயனாக, அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி என்னும் பெயரோடு உயர்கல்வி மீண்டும் தொடங்கிற்று. அதே ஆண்டில் வண்ணார்பண்ணையிலே இன்னொரு சம்பவம் நிகழ்ந்தது. மிஷன் கல்வியின் தலையாய எதிரியென்று அறியப்பட்ட ஆறுமுக நாவலர், சைவப்பிள்ளைகளுக்கென ஓர் ஆங்கிலப் பாடசாலையை அங்கே நிறுவினார்.

நாவலரின் செயலை விளங்கிக்கொள்வதற்குச் சற்றுப் பின்னோக்குதல் வேண்டும். வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்று, பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற அவர், பாதிரிமாரின் படைக்கலங்களை உள்ளிருந்தே அறிந்தவர். 1847 ஆம் ஆண்டின் கடைசி நாளிலே வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் அவர் தொடங்கிய வாரப் பிரசங்கமும், 1848 இல் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையும், அச்சியந்திரமும், பாலபாடங்களும் அவர்களிடமிருந்து கற்ற முறைகளேயாம். மிஷன் பாடசாலை பெருகியதால் சைவப் பாடசாலை எழுந்தது; சைவப் பாடசாலைக்குப் பிள்ளைகள் சென்றுவிடுவரென்ற அச்சத்தால் மிஷனார் தம் பாடசாலையைச் சீர்ப்படுத்தினர்; அவை சீர்ப்படவே சைவர் முயற்சி மேலும் உக்கிரமடைந்தது. இரண்டு பக்கத்தாரும் ஒருவரையொருவர் கட்டுப்படுத்தவே முயன்றனர். இருவர் முயற்சியும் சேர்ந்து எழுத்தறிவைப் பெருக்கிற்று. சமயப்போரிலே இரு சாராரும் தாம் வேண்டிய வெற்றியைப் பெறவில்லை. குடாநாடோ பாடசாலைகளால் நிறைந்தது. நாவலரின் ஆங்கிலப் பாடசாலை நான்கு ஆண்டுகளே நிலைத்தது. ஆயினும் அவர் மறைந்தபின், 1888 இல் தோன்றிய சைவ பரிபாலன சபையாரின் ஆதரவில் 1890 இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி உருவாகி அக்கருத்தை நிறைவேற்றிற்று. வட்டுக்கோட்டையிலும் இந்துக் கல்லூரி எழுந்தது. அயலூராகிய சுழிபுரத்திலே விக்ரோரியாக் கல்லூரி வளர்ந்தது. 1869 இல் ஏற்பட்ட கல்வித் திணைக்களம் பரீட்சைப் பெறுபேற்றை அளவாகக் கொண்டு நன்கொடைப்பணம் வழங்கத் தொடங்கியமையால், பரீட்சையிற் சித்தி பெறுவிக்கும் பாடசாலை பணம் பெற்று வளர்வதும், வளர்ந்ததனால் மேலும் சித்தி பெறுவிப்பதும் இயல்பாயின.

இச்சுழற்சியைக் குடும்பத்தின் அடுப்படி வரை கொண்டுசென்றது சீதனம். ஒல்லாந்தர் 1707 இற் தொகுத்த தேசவழமைப்படி பெண்ணோடு காணியும் வீடும் செல்லும் வழக்கம் யாழ்ப்பாணத்திலே பண்டு தொட்டுள்ளது. அக்காணி உழுதொழில் செய்பவனை நோக்கிச் சென்ற காலம் போய், உத்தியோகத்தனை நோக்கிச் செல்லும் காலம் வந்தது. கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே (அரசாங்கத்திலே) மேய்க்கவேண்டும் என்று ஊரார் சொல்லலாயினர். மகனைப் படிப்பிக்கத் தந்தை புகையிலைத் தோட்டத்தை ஈடுவைத்தான். மகன் உத்தியோகமாகிச் சீதனம் பெற்றான். அச்சீதனம் அவனுடைய சகோதரிக்கு உத்தியோக மாப்பிள்ளையைத் தேடிக்கொடுத்தது. உத்தியோக மாப்பிள்ளையின் விலை ஏறியமையால், அடுத்த வீட்டாரும் தம் மகனைப் படிப்பிக்காதிருக்க முடியாதவராயினர். இங்கே எவரும் பேராசைக்காரரல்லர். ஒவ்வொரு தந்தையும் தன் மக்களுக்குச் செய்யவேண்டிய கடமையையே செய்தான். கடமைகள் யாவும் கூடிக் கடமையின் பாரத்தை ஏற்றிவிட்டன. இதனை நினைக்கும்போது, ஆண்பிள்ளையில்லாது மூன்று நான்கு பெண்களைப் பெற்ற ஏழைக் குடியானவனுடைய இராக்காலங்களையும் நினைக்கவேண்டியிருக்கிறது.

இலங்கையின் உத்தியோகங்கள் போதாமற்போகும் வேளையிலே மலாயா திறந்தது. 1885 இல் தைப்பிங்கிலிருந்து போட் வெல்டுக்கு முதற் புகையிரதப் பாதை அமைந்தபின், புகையிரதப் பகுதிக்கும் அளவைப் பகுதிக்கும் வைத்தியசாலைகளுக்கும் இங்கிலீசு கற்றவர்களை அந்நாட்டு அரசாங்கம் தேடியபோது, யாழ்ப்பாணத்தார் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறினர். அங்கிருந்து மணியோடர் வந்தது. அதனாற் கல்வீடுகள் எழுந்தன, கோயில்கள் திருப்பணி கண்டன, காணியின் விலை ஏறியது, பாடசாலைகளுக்கு மண்டபங்கள் கட்டப்பட்டன. முப்பது ஆண்டு சேவையின்பின் மலாயன் பென்சனியர் ஊருக்குத் திரும்பி, கோயில் தர்மகர்த்தாவாகவோ பாடசாலைச் சபையின் அங்கத்தவராகவோ அமர்ந்து, தாம் ஏறிய படியிலேயே ஊர்ப்பிள்ளைகளையும் ஏற்றிவிட்டார். சென்றவர் திரும்பி வந்ததுதான் இந்தச் சுழற்சியை முழுமையாக்கிய கணு என்பதை வாசகர் மனத்திற் கொள்ளவேண்டும். உலகப் பொருளாதார மந்தம் வந்த 1930களில் அவ்வாயில் ஒடுங்கிற்று. யப்பானியர் மலாயாவை ஆண்ட காலத்திலே மணியோடரும் கடிதமும் ஒருங்கே நின்று, பல வீடுகளில் அடுப்பெரிவதே அரிதாயிற்று.

பெருக்கும் சுழற்சி எதுவாயினும், தொடக்கத்திலுள்ள சிறு வேற்றுமையைப் பெரிதாக்கும் என்பது அதன் இயல்பு. முதலிற் சென்றவன் முன்னும், பிந்தியவன் பின்னும் ஆகிக்கொண்டே போவர். செமினரியின் மாணவருட் பெரும்பான்மையோர் வேளாளக் குடியினர். ஆதலால் அச்சக்கரத்தின் ஆதாயமும் பெரிதும் அவர்களையே சேர்ந்தது. காணியும் கோயிலும் ஏற்கெனவே அவர்கள் கையிலிருந்தன. அவற்றோடு உத்தியோகமும் சேரவே, சாதியின் கொடுமை தளர்வதற்குப் பதிலாகச் சம்பளத்தின் பலத்தையும் பெற்றது. நாவலரைப் போன்ற பெரியாரும் இந்த வேலியைப் பிரிக்க முற்படவில்லை என்பதை வருத்தத்தோடு எழுதுகிறேன். 1920களின் இறுதியில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் வகுப்பிலே சம ஆசனம் கொடுக்கவேண்டுமென்று அரசாங்கம் கட்டளையிட்டபோது, அதனை எதிர்த்துக் கலகம் விளைந்தது. பாடசாலைகள் சில தீக்கிரையாயின. கல்வியைப் போற்றுவதிலே தமக்கு நிகரில்லையென்று பெருமை பேசிய ஊர், பக்கத்துத் தெருவின் பிள்ளை அதே வாங்கில் இருப்பதைப் பொறாதிருந்தது. பெண்கல்வியின் கதை இதைவிடச் சற்று ஆறுதலானது; 1824 இல் உடுவிலிலே தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலை, படித்த ஆண்களுக்குப் படித்த மனைவியரை அளித்து, அவ்வில்லங்களிலே பிறந்த பெண்மக்களை மீண்டும் பாடசாலைக்கு அனுப்பிற்று.

சக்கரத்தை நிறுத்திப் பார்க்க முயன்றோரும் அச்சக்கரத்திலிருந்தே பிறந்தனர். யாழ்ப்பாணக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் 1924 இல் மாணவர் மாநாடாகத் தொடங்கி வளர்த்த யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், சாதி வேற்றுமையை எதிர்த்தது. தாய்மொழிக் கல்வியை வற்புறுத்தியது. 1927 இல் மகாத்மா காந்தியை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தது. பூரண சுயராஜ்யம் வேண்டுமென்று 1931 ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. உத்தியோகத்துக்காகக் கற்பித்த கல்வி, உத்தியோகத்தை அளிக்கும் ஆட்சியையே மறுக்கும் மனிதரை ஆக்கியது. ஆனால் அவர்களுடைய குரல் கேட்ட வீடுகளிலும், மறுநாட் காலையில் பிள்ளைகள் பரீட்சைக்கே படிக்க எழுந்தனர். அரசாங்கமென்னும் ஒரே வாயிலை நோக்கி ஒரு சமூகம் முழுவதும் தன் வித்துக்களை அனுப்பியிருக்க, அந்த வாயில் வேறொருவர் கையில் இருக்கின்றது என்பதை அச்சுழற்சி தன்னுள்ளே ஒருபோதும் உணரவில்லை. பணமும் சீதனமும் பெறுபேறும் ஆகிய செய்திகளே அதனுள் திரும்பி வந்தன. தெற்கிலே வளர்ந்துகொண்டிருந்த மனத்தாங்கல் அதற்குள் வரும் வழி இருக்கவில்லை.

அம்மனத்தாங்கலுக்கும் காரணம் இருந்தது. சிங்களக் கிராமத்துப் பிள்ளை கந்தோருக்குச் சென்றால் அங்கே யாழ்ப்பாணத்தாரைக் கண்டான்; தன் ஊரில் அத்தகைய பாடசாலை இல்லாத வரலாற்றை அவனுக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை. அரசியல்வாதிகள் அதனை வாக்காக மாற்றினர். 1956 இல் சிங்களம் மாத்திரம் அரசகரும மொழியாயிற்று. உத்தியோகக் கதவு ஒடுங்கவே, யாழ்ப்பாணத்தார் மருத்துவமும் பொறியியலும் கற்கும் வாயிலை முன்னிலும் தீவிரமாக நெருக்கினர். அங்கே அவர்களுடைய தொகை கண்ணில் தைத்தது. 1971 ஆம் ஆண்டின் சர்வகலாசாலைப் பிரவேசத்திலே, மருத்துவத்துக்குச் சிங்களமொழி மாணவர் 229 புள்ளியும் தமிழ்மொழி மாணவர் 250 புள்ளியும் பெறவேண்டுமென்று விதிக்கப்பட்டது. தரப்படுத்தல் என்று பெயர்பெற்ற இம்முறை பின்னர் மாவட்ட அடிப்படையிலும் விரிந்தது. அரசாங்கத்தார் இதனை ஏற்றத்தாழ்வைச் சமன் செய்யும் ஏற்பாடென்றனர். வாற்றின் குண்டுகளைப் போல மெல்ல மெல்ல வேகத்தைத் தணிப்பதாக இருந்திருப்பின், பின்தங்கிய இடங்களில் நல்ல பாடசாலைகளைக் கட்டியெழுப்புவதாக இருந்திருப்பின், அப்பெயர் அதற்குத் தகும். மொழியை அடையாளமாக வைத்து ஒரே பரீட்சையில் இரு கோடுகள் கீறப்பட்டமையால், அது ஒரு சுழற்சியைத் தணிக்கப் புகுந்து அதனினும் கொடிய வேறொன்றை முடுக்கிவிட்டது. கதவடைக்கப்பட்ட இளைஞன் கோபங்கொண்டான். அவன் கோபத்தைக் கண்டு அரசு அடக்குமுறையைக் கையாண்டது. அடக்குமுறை கோபத்தை வளர்த்தது.

இந்த நிகழ்ச்சிகள் மீண்டும் வட்டுக்கோட்டைக்கே வந்தமை வியப்புக்குரியது. 1974 இல் யாழ்ப்பாணத்திலே சர்வகலாசாலை வளாகம் தொடங்கியபொழுது, விஞ்ஞான வகுப்புக்கள் யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பகுதியிலேயே, அதாவது பழைய செமினரி நின்ற ஊரிலேயே, முதலில் நடைபெற்றன. 1976 மே 14 ஆம் திகதி, வட்டுக்கோட்டைத் தொகுதியிலுள்ள பண்ணாகத்தில், எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் தலைமையிலே கூடிய மாநாடு, தமிழருக்குத் தனியரசு வேண்டுமென்று தீர்மானித்தது. 1956 முதல் 1970 வரை வட்டுக்கோட்டையின் பிரதிநிதியாயிருந்த அ. அமிர்தலிங்கம் அம்மாநாட்டின் முன்னணியில் நின்றவர்களுள் ஒருவர். வட்டுக்கோட்டைத் தீர்மானமென்று உலகம் இன்று அறிவது அதனையே. செமினரியை அறிந்தவர்கள் மிகச் சிலர். ஆயினும் தீர்மானத்தின் கதையைச் செமினரியின் கதையின்றி எழுத முற்படுவோர் பாதிக் கதையையே எழுதுவர் என்பது என் துணிபு.

அதன்பின் மூண்ட யுத்தத்தின் காலமும் சென்றது. யாழ்ப்பாண மாவட்டத்திலே 1981 இல் ஏழு இலட்சத்துக்கு மேலாக இருந்த சனத்தொகை, 2012 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆறு இலட்சத்துக்கும் கீழே நின்றது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் வாழும் பழைய மாணவர்கள் சங்கங்கள் அமைத்து, தாம் படித்த பாடசாலைகளுக்கு ஆய்வுகூடமும் கணினியும் புலமைப்பரிசிலும் அனுப்புகின்றனர். மலாயாவிலிருந்து மணியோடர் வந்ததைப்போலவே இன்றும் பணம் வருகின்றது. அதனால் வீடுகளும் கோயில்களும் எழுகின்றன. பிள்ளைகள் வெளிநாட்டுக்கென்றே கற்கின்றனர். வெளிநாட்டு மாப்பிள்ளைக்கே சீதனம் உயர்கின்றது. மலாயன் பென்சனியரைப் போல ஊருக்குத் திரும்பி, பாடசாலைச் சபையிலே தாமே இருந்து பிள்ளைகளின் பெயரைக் கேட்டறிபவர்கள் மாத்திரம் அரிதாகிவிட்டனர்.